ஓவியருக்கு பிளானில் என்ன வேலை?

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் சிறிய நூலகம் ஒன்று கட்டப்போகிறோம். நான் சிவில் இன்ஜினியர். ஓவியர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார் பணம் தருபவர். கட்டி முடித்தபின் முன்சுவரில் படம் வரையச் சொன்னால் போதாதா? பிளான் போடும்போதே அவருக்கு என்ன வேலை?

ஒரு வாசகர், ஏற்காடு

அன்புள்ள நண்பருக்கு,

சேலத்துப் பக்கம் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்கள், அதனால் தாரமங்கலத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் என்ற குறுநிலத் தலைவர்கள் எடுப்பித்த கைலாசநாதர் கோயில் மண்டபத்தில், ஒரு தூணில் வில்லோடு ராமன் நிற்கிறான், வேறொரு தூணில் வாலி. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலியிடம் போய் நின்று திரும்பிப் பார்த்தால் ராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று எய்த கதையைச் சிற்பி தூண்களின் இடைவெளியை வைத்தே சொல்லிவிட்டார்! இன்னொன்றையும் கவனியுங்கள். தூணும் உருவமும் ஒரே கல். உருவம் வெளியே துருத்தி நிற்க வேண்டுமென்றால் அதற்கேற்ற பருமனில் கல்லை வெட்டி எடுத்திருக்க வேண்டும். எந்தத் தூணில் யார் என்பதைக் கல் மண்டபத்துக்கு வரும் முன்பே பேசி முடித்திருப்பார்கள். மண்டபம் எழும்பிய பிறகு கூப்பிட்டிருந்தால் அந்தச் சிற்பியால் என்ன செய்திருக்க முடியும்?

நம் காலத்திலும் இது நடந்திருக்கிறது. டெல்லி பிரிட்டிஷ் கவுன்சில் கட்டிடத்தை (1992) வடிவமைத்த சார்லஸ் கொரியா, முகப்புக்கு ஹோவர்ட் ஹாட்ஜ்கின் என்ற ஓவியரைச் சேர்த்துக்கொண்டார். பெரிய மரமொன்றின் நிழல் விழுந்ததுபோன்ற அந்த ஓவியம் வெள்ளை மக்ரானா பளிங்கிலும் கறுப்புக் கடப்பா கல்லிலும் பதித்தது. பெயின்டே கிடையாது.

உங்கள் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். ஏற்காட்டு ஈரத்தில் வெளிச்சுவர் பெயின்ட் சீக்கிரம் பாசி பிடித்துவிடும், தெரியும்தானே. சேர்வராயன் மலைக் கருங்கல்லை அஸ்திவாரத்தில் புதைக்கிறோம். நல்ல ஓவியர் என்றால் அதன் கருநீலச் சாயலைப் பார்த்துவிட்டு, ஒரு சுவரையாவது பூசாமல் விடுங்கள் என்பார். பனி இறங்கும் காலையில் படிக்கிறவர் எந்தப் பக்கம் திரும்பி உட்காருவார், உள்ளே நுழைந்ததும் கண் முதலில் எங்கே போகும் என்றும் கேட்பார். இதெல்லாம் சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னல்களின் தலைக்கு மேல் உயரத்துக்கு, எழும்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள். நீங்களும் கேட்கலாம்தான். ஆனால் கம்பிக்கும் சிமென்ட்டுக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அது விட்டுப்போகிறது, பல கட்டிடங்களில் பார்த்துவிட்டேன்.

அதனால் ஓவியரை இப்போதே இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம் மேஸ்திரியோடு உட்காரவையுங்கள். அந்த நாட்களுக்கும் சம்பளம் கொடுங்கள். பணம் இடித்தால் முன்சுவர்ப் படத்தை விட்டுவிடலாம், இந்த நாட்களை விடாதீர்கள்.