பைக்குக்கு எவ்வளவு உயர விண்ட்ஷீல்டு சரியாக இருக்கும்?

வேலூரிலிருந்து சென்னைக்கு அடிக்கடி பைக்கில் போவதாகவும், ஹெல்மெட் படபடவென்று ஆடித் தலை வலிப்பதாகவும், முன்னால் காற்றைத் தடுக்கும் விண்ட்ஷீல்டு கண்ணாடியை உயரமானதாக மாட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்.

ஹெல்மெட் போட்டு, வழக்கம்போல் உட்காருங்கள். கண்ணாடியின் மேல்விளிம்பு உங்கள் மூக்கு நுனிக்கு நேராக வந்தால் போதும். விளிம்பைத் தொட்ட காற்று அதைவிட மேலே எழும்பித்தான் போகும். பார்வையோ விளிம்புக்கு மேலாகவே இருக்கும். கண்ணாடிக்குள்ளாகப் பார்க்கும் உயரம் மட்டும் வேண்டவே வேண்டாம். மழை இரவில் எதிரே வரும் லாரியின் வெளிச்சம் துளிகளில் சிதறினால் சாலையே தெரியாது, துடைக்க வைப்பரும் கிடையாது.

காலியான நேர்ச்சாலையில், சீரான வேகத்தில், சற்றுக் குனிந்து பாருங்கள். ஹெல்மெட்டின் படபடப்பு அடங்கினால் இன்னும் உயரமான கண்ணாடி வேண்டும். மாறாக, ஃபுட்ரெஸ்டில் லேசாக எழும்பும்போது அடங்கினால், குட்டைக் கண்ணாடியே உங்களுக்குத் தீர்வு. தலைக்குச் சுழலில்லாத நேர்காற்று கிடைக்கும். இதைப் பலர் நம்புவதில்லை.

நம்ம ஊர் வெயிலையும் மறக்காதீர்கள். மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும்போது உயரக் கண்ணாடி நெஞ்சுக்குக் காற்றே விடாது. நான் கோடையில் குட்டையானதைத்தான் மாட்டுகிறேன்.