ஒரே அறிவியல் புனைகதைப் பாத்திரத்தால் அறியப்பட்ட தொலைக்காட்சி நடிகர்களுள் யாருடைய தொழில்வாழ்க்கை உங்களைக் கவர்ந்தது?

லியோனார்ட் நிமாய். 'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில், வல்கன் என்ற வேற்றுக்கிரக இனத் தந்தைக்கும் மனிதத் தாய்க்கும் பிறந்த ஸ்பாக்காக நடித்தவர். அந்த வேடத்துக்குள் அவர் சிறைப்பட்டுவிட்டார் என்று பலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1931இல் பாஸ்டனில், உக்ரைனிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில், முடிதிருத்தும் கடை நடத்தியவரின் மகனாகப் பிறந்தவர் அவர். நடிப்பை நாடிக் கலிபோர்னியா சென்றபின், டாக்ஸி ஓட்டிக்கொண்டே தொலைக்காட்சித் தொடர்களில் சில்லறை வேடங்கள் ஏற்றுப் பல ஆண்டுகளைக் கழித்தார். 1966இல் 'ஸ்டார் ட்ரெக்' ஒளிபரப்பாகும் வரை, எந்த நடிப்பு வேலையும் தமக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்ததில்லை என்று அவரே கூறியிருக்கிறார்.

ஸ்பாக்கின் அடையாளங்களாக ரசிகர்கள் கொண்டாடுபவற்றுள் சில, எழுத்தாளர்கள் எழுதிக் கொடுத்தவை அல்ல. ஒரு காட்சியில் ஸ்பாக் பின்னாலிருந்து ஆயுதத்தின் அடிப்பகுதியால் ஒருவரைத் தாக்கி வீழ்த்துவதாக எழுதப்பட்டிருந்தது; அத்தகைய முரட்டுத்தனம் இப்பாத்திரத்துக்குப் பொருந்தாது என்று கருதிய நிமாய், கழுத்தும் தோளும் சேருமிடத்தில் விரல்களால் அழுத்தி மயக்கமடையச் செய்யும் உத்தியைத் தாமே முன்மொழிந்தார். 1967இல் வல்கன்களுக்கென ஒரு வணக்கம் தேவைப்பட்டபோது, சிறுவயதில் யூத வழிபாட்டுக் கூடத்தில், குருமார் மரபினர் ஆசி வழங்கும் வேளையில் கண்ணை மூடியிருக்க வேண்டும் என்ற விதியை மீறி எட்டிப்பார்த்த கைமுத்திரையையே அதற்குக் கொடுத்தார். அந்தத் திருட்டுப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும்.

79 அத்தியாயங்களுடன் தொடர் 1969இல் முடிந்ததும், 'மிஷன்: இம்பாஸிபிள்' தொடரில் இரண்டு பருவங்கள் நடித்தார், பிறகு நாடக மேடைக்கும் திரும்பினார். 1975இல் தம் நூலுக்கு 'நான் ஸ்பாக் அல்ல' என்று தலைப்பிட்டது மட்டும் பிசகு என்பேன். உள்ளே பாத்திரத்தின் மீதான பரிவே நிறைந்திருந்தபோதும், தலைப்பை மட்டும் பார்த்தவர்கள் அவர் ஸ்பாக்கை வெறுக்கிறார் என்றே முடிவுகட்டினர். மூன்றாவது ஸ்டார் ட்ரெக் திரைப்படத்தை இயக்க அவர் வாய்ப்புக் கேட்டபோது, அந்தப் பேச்சு தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை வரை எட்டியிருந்ததால், அதை மறுத்து விளக்க வேண்டியிருந்தது.

வாய்ப்பு கிடைத்தது. 1984இலும் 1986இலும் அவ்வரிசையில் இரு படங்களை இயக்கியவர், 1987இல் விண்கலமே இல்லாத 'த்ரீ மென் அண்ட் எ பேபி' என்ற நகைச்சுவைப் படத்தை இயக்க, அது அவ்வாண்டு வெளியான படங்களுள் அமெரிக்காவில் மிகுதியாக வசூலித்தது. இவ்வளவுக்கும் பிறகு, 2009இல் புதிய தலைமுறை நடிகர்களைக் கொண்டு ஸ்டார் ட்ரெக் மீண்டும் தொடங்கப்பட்டபோது முதிய ஸ்பாக்காகத் திரையில் வந்தார். படம் வெளியானபோது அவருக்கு வயது 78.