பெயருக்குத்தான் விலை: மதராஸ் மினியேச்சரும் பாளையங்கோட்டைச் சிப்பாயின் பதக்கங்களும்

கேள்வி: வணக்கம் சார். லண்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு சிறிய ஊர் ஏல நிறுவனத்தின் கேட்லாக்கில் இரண்டு லாட் (ஒரே எண்ணில் ஏலம் விடும் பொருள்கள்) கண்ணில் பட்டன. ஒன்று, சிவப்புக் கோட்டுப் போட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் மினியேச்சர், அதாவது கையடக்க உருவ ஓவியம், தந்தத்தில் வரைந்தது. 'ஜான் ஸ்மார்ட் பாணியில்' என்று போட்டிருக்கிறார்கள். ஓரத்தில் 'ஜே.எஸ். 1790 ஐ' என்ற எழுத்து இருக்கிறது. மதிப்பீடு 300 முதல் 500 பவுண்டு. இன்னொன்று, 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி (காலாட்படை) சிப்பாய் ஒருவரின் முதல் உலகப் போர்ப் பதக்கங்கள் இரண்டு, 80 முதல் 120 பவுண்டு. எங்கள் பூர்வீகம் பாளையங்கோட்டை. இரண்டையும் வாங்கி ஊரில் அப்பாவிடம் கொடுக்க ஆசை. எதைப் பார்த்து வாங்க வேண்டும், எவ்வளவு வரை போகலாம்?

பதில்: உங்கள் ஆசையில் பாதி நடக்காது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மினியேச்சரை ஊருக்குக் கொண்டுபோக முடியாது. அது யானைத் தந்தம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986-இல் வந்த திருத்தம் இந்தியத் தந்த வியாபாரத்தை நிறுத்தியது, 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அந்தத் தடைக்குள் கொண்டுவந்தது. இருநூறு வருஷம் பழையது, உள்ளங்கை அளவுதான் இருக்கிறது என்றெல்லாம் சென்னை விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிப் பயன் இல்லை. பொருளும் போகும், வழக்கும் வரும்.

பிரிட்டனிலேயே உங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதாக இருந்தால் வழி உண்டு. அங்கே 2018-இன் தந்தச் சட்டம் 2022 ஜூன் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. 1918-க்கு முன் வரைந்த, 320 சதுர சென்டிமீட்டருக்கு மேற்படாத உருவப்பட மினியேச்சர்களுக்கு அதில் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் விற்பவர் அதை முன்கூட்டியே அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு 20 பவுண்டு கட்டணம். அந்தப் பதிவு உங்கள் பெயருக்கு மாறாது, நாளைக்கு நீங்கள் விற்பதாக இருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். சட்டத்தை மீறினால் இரண்டரை லட்சம் பவுண்டு வரை அபராதமோ 5 வருஷம் வரை சிறையோ கிடைக்கலாம். அதனால் ஏல நிறுவனத்திடம் முதல் கேள்வியாகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் தரவில்லை என்றால் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

சரி, இப்போது பொருளுக்கு வருவோம். மினியேச்சர், பதக்கம் இரண்டிலுமே நீங்கள் காசு கொடுப்பது பெயருக்குத்தான். ஓவியத்தில் வரைந்தவர் பெயரும் அதில் இருப்பவர் பெயரும், பதக்கத்தில் விளிம்பில் பொறித்த பெயரும். அந்தப் பெயரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது கொஞ்சம் தந்தமும் ஒரு அவுன்ஸ் வெள்ளியும்தான். அதனால்தான் போலி செய்கிறவனும் முதலில் கை வைப்பது பெயரில்.

ஜான் ஸ்மார்ட் உண்மையாகவே மதராஸில் இருந்தவர். 1785-இல் வந்து 1795 வரை இங்கே தங்கி, ஆற்காட்டு நவாப் முகமது அலியையும் கம்பெனி அதிகாரிகளையும் அவர்கள் குடும்பங்களையும் வரைந்தார். அந்தப் பத்து வருஷப் படங்களில் தன் பெயரின் முதலெழுத்துகளையும் ஆண்டையும் போட்டு, கீழே இந்தியாவைக் குறிக்க ஆங்கில 'ஐ' (I) என்ற எழுத்தையும் சேர்த்தார். ஆக, உங்கள் படத்தில் உள்ள எழுத்து மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் பொருந்துகிறது. ஆனால் இந்த வழக்கம் ஊரறிந்த விஷயம், போலி எழுதுகிறவனுக்கும் தெரியும். 'ஐ' இருந்து ஆண்டு 1785-க்கு முன்போ 1795-க்குப் பின்போ இருந்தால் சந்தேகப்பட வேண்டும் என்பது சரி. ஆண்டு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் நம்பிவிடக் கூடாது.

இங்கே கேட்லாக்கின் மொழியைக் கவனியுங்கள். ஏல நிறுவனம் ஓவியர் பெயரை முழுசாகத் தலைப்பில் போட்டால் அது அவர் வரைந்ததுதான் என்பது அவர்கள் கருத்து. 'அவருடையதாகக் கருதப்படுவது' என்றால் நம்புகிறோம், உறுதி சொல்ல மாட்டோம் என்று அர்த்தம். 'அவர் வட்டம்' என்றால் அதே காலத்தில் அவருக்கு நெருக்கமான ஒரு கை. 'பாணியில்' என்றால் அவர் வரையவில்லை, பெரும்பாலும் பிற்காலத்தது என்று அவர்களே சொல்கிறார்கள். கையெழுத்திலும் இதே கதைதான்: 'கையெழுத்திட்டது' என்பது ஒன்று, 'கையெழுத்து காணப்படுகிறது' என்பது வேறு. பின்னதில் அந்தக் கையெழுத்தை அவர்கள் நம்பவில்லை. நல்ல ஸ்மார்ட் படம் ஆயிரக்கணக்கான பவுண்டுக்குப் போகும். அப்படியிருக்க முதலெழுத்து, ஆண்டு, 'ஐ' எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருந்தும் 300 பவுண்டு மதிப்பீடு போட்டிருக்கிறார்கள் என்றால், பார்த்துவிட்டு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன ஊர் ஏலத்தில் நிஜமான படம் கண்டுகொள்ளப்படாமல் கிடப்பதும் உண்டுதான், ஆனால் இப்போது ஏலப் படங்கள் இணையத்தில் உலகம் முழுக்கத் தெரிகின்றன, ஸ்மார்ட் என்ற பெயரைத் தேடுகிற வியாபாரிகள் உங்களுக்கு முன்பே அதைப் பார்த்திருப்பார்கள்.

நேரில் போய்ப் பார்க்க முடிந்தால் நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். முகத்தில் வரிசை வரிசையாக அச்சுப் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சடித்த படத்தின் மேல் வண்ணம் பூசியது, அத்தோடு முடிந்தது. நிஜ மினியேச்சரில் தூரிகை நுனியால் வைத்த மெல்லிய கோடுகளும் புள்ளிகளும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடக்கும். ஸ்மார்ட்டின் கையில் அந்த வேலை அசாத்திய நுணுக்கம். கண் ஓரத்துச் சுருக்கங்களைக்கூட விடமாட்டார், எதிரே உட்கார்ந்தவரை அழகாக்கிக் காட்ட அவருக்கு அவசரம் இல்லை. எனக்கு அவர் படங்கள் பிடித்ததற்கே அதுதான் காரணம், மதராஸ் வெயிலில் வெந்த முகங்கள் அப்படியே இருக்கின்றன. கண்ணும் வாயும் பொம்மை மாதிரி வழவழவென்று இருந்தால் அது அவருடையது இல்லை.

அப்புறம் படத்தைச் சாய்த்து, வெளிச்சம் படும்படி பாருங்கள். தந்தத் தகட்டில் மெல்லிய இழைகள் ஓடும். பிளாஸ்டிக்கில் அது இருக்காது, அல்லது அச்சுப் போட்ட மாதிரி ஒரே சீராக இருக்கும். பியானோ கட்டைகளிலிருந்து எடுத்த தந்தத்தில் படச்சட்டம் போட்டு, நெப்போலியனையோ மரி அந்துவானெத்தையோ வரைந்து, பிரபல கையெழுத்தும் போட்ட படங்கள் ஏராளமாக வரும். அவை சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்த அலங்காரப் பொருள்கள். கண்ணாடியின் உள்பக்கம் பொடிப்பொடியாக நீர்த்துளி தெரிகிறதா என்றும் பாருங்கள். பழைய கண்ணாடியிலிருந்து காரம் கசிகிறது என்று பொருள், அது வண்ணத்தில் விழுந்தால் படம் கெடும். கன்னமும் உதடும் வெளிறி முகம் சாம்பலாகத் தெரிந்தால் சிவப்பு வண்ணம் வெயிலில் போய்விட்டது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. தகட்டில் நெடுக்கு விரிசல் இருந்தால் விலையில் பாதி போனதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

படச்சட்டத்தின் பின்பக்கத்தை மறக்காதீர்கள். பின்னல் போட்ட தலைமுடி, முதலெழுத்துகள், படச்சட்டம் செய்தவரின் சீட்டு, பழைய கண்காட்சி லேபிள் எதுவானாலும் படம் எடுத்துக் கேளுங்கள். 1865-இல் லண்டன் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்தில் மினியேச்சர்களுக்கென்று பெரிய கண்காட்சி நடந்தது, அந்த லேபிள் ஒட்டியிருந்தால் அப்போதே அது ஒரு குடும்பத்தின் கையில் இருந்ததற்குச் சாட்சி. ஆனால் படச்சட்டத்தை நீங்களாகத் திறக்க வேண்டாம். ஈரத் துணியால் துடைக்கவே வேண்டாம், அது கோந்தில் குழைத்த நீர்வண்ணம், ஒரு சொட்டுத் தண்ணீரில் முகம் கரைந்து வந்துவிடும்.

பதக்கங்களைப் பற்றி எனக்கு உற்சாகம் அதிகம், நீங்களும் அதில்தான் மனசை வைக்க வேண்டும் என்பது என் கருத்து. இரண்டில் ஒன்று பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், வெள்ளி. நடுவில் ஆரஞ்சு, ஓரங்களில் வெள்ளை, கறுப்பு, நீலம் என்று ரிப்பன் இருக்கும். இன்னொன்று வெற்றிப் பதக்கம், வெண்கலம், வானவில் ரிப்பன். இரண்டும் 36 மில்லிமீட்டர் விட்டம். போர்ப் பதக்கம் லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது. 1980 ஜனவரியில் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது ஏகப்பட்டவை உருக்கப்பட்டன, அதனால் இன்று வெற்றிப் பதக்கம் மட்டும் தனியாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். வெற்றிப் பதக்கம் தனியாக யாருக்கும் வழங்கப்பட்டதில்லை, தனியாக இருந்தால் அது பிரிந்த தொகுப்பு. நம் சிப்பாய்க்கு இரண்டும் சேர்ந்தே இருப்பது நல்லது.

ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. 63-வது பாளையங்கோட்டைப் படை 1914 நவம்பரில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய படைகளில் ஒன்று. அந்தச் சண்டையில் பிரிட்டிஷ் தரப்பு மோசமாகத் தோற்றது. அங்கே இருந்தவருக்கு 1914-15 ஸ்டார் என்ற மூன்றாவது பதக்கமும் கிடைத்திருக்கும், அதன் பின்பக்கத்தில் பெயர் பொறித்திருக்கும். உங்கள் லாட்டில் அது இல்லை. ஒன்று, இவர் 1915-க்குப் பிறகு களத்துக்குப் போனவர், அப்படியானால் இரண்டுதான் சரியான தொகுப்பு. இல்லையென்றால் ஸ்டார் எங்கோ தொலைந்திருக்கிறது. இதை ஏல நிறுவனத்திடம் கேளுங்கள், பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது, இருந்தாலும் விலையை முடிவு செய்யும்போது மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளிம்புதான் முக்கியம். எண், பதவி, பெயர், படை என்ற வரிசையில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் அச்சாக அழுத்தியிருக்க வேண்டும். இரண்டு பதக்கத்திலும் அதே எண், அதே பெயர், அதே படை இருக்க வேண்டும். நம் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், முனுசாமியும் ராமசாமியும் விதவிதமான எழுத்துக்கூட்டலில் வருவார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அரம் போட்ட விளிம்பைப் பார்த்து. பழைய பெயரைச் சுரண்டிவிட்டு, மதிப்புள்ள படையின் பெயரைப் பொறிப்பது பழைய வேலை. வெர்னியர் காலிப்பரை வைத்து நாலைந்து இடத்தில் விட்டத்தை அளந்தால் சுரண்டிய இடம் குறைவாகக் காட்டும். விளிம்பை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றினால் அந்த இடம் லேசாகக் குழிந்தோ மற்ற இடத்தைவிட மினுக்கமாகவோ தெரியும். கையால் வெட்டிய எழுத்து என்றாலே போலி என்றும் முடிவுகட்டாதீர்கள், 19-ஆம் நூற்றாண்டு இந்தியப் பதக்கங்கள் பலவற்றில் சாய்வெழுத்தில் வெட்டித்தான் பெயர் இருக்கும். முதல் உலகப் போர் ஜோடியில் அது வந்தால்தான் சந்தேகம். வார்ப்புப் போலி என்றால் உருவத்தின் முகம் மழுங்கி, ஊசித் துளைகள் தெரியும், அளவும் ஒரு இழை சிறுத்திருக்கும்.

சிப்பாயைப் பற்றித் தேட ஆசைப்படுவீர்கள். பிரிட்டிஷ் வீரர் என்றால் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பதக்க அட்டையில் பெயர் சட்டென்று கிடைத்துவிடும். இந்தியச் சிப்பாய்க்கு அவ்வளவு சுலபம் இல்லை, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் பொறுமையாகத் தேட வேண்டும். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம், அதை இன்றைக்கே செய்யுங்கள், இறந்தவர் என்று தெரிந்தால் மற்றவர்களும் கண்டுபிடித்து விலையை ஏற்றுவார்கள்.

இப்போது காசுக் கணக்கு. ஏலத்தில் சுத்தியல் விழும் விலை நீங்கள் கட்டும் விலை இல்லை. உதாரணமாக 400 பவுண்டில் முடிந்தது, வாங்குபவர் கமிஷன் 25 சதவீதம் என்றால் 100, அதன் மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20, இணையதளம் வழியாகக் கேட்டால் 5 சதவீதக் கட்டணம் 20, அதற்கும் வாட் 4. மொத்தம் 544. விகிதம் இடத்துக்கு இடம் மாறும், விதிமுறைகளைப் படித்துவிட்டு மொத்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு உச்ச வரம்பை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போன் மூலமாகவோ எழுத்து மூலமாகவோ கேட்டால் இணையதளக் கட்டணம் மிச்சம். லாட் எண்ணுக்குப் பக்கத்தில் குத்துவாள் குறியோ நட்சத்திரமோ இருந்தால் சுத்தியல் விலையின் மேலும் வரி உண்டு என்று பொருள்.

என் யோசனை இது. மினியேச்சருக்கு, யார் வரைந்தது என்று தெரியாத ஒரு நல்ல கம்பெனிக் கால முகம் என்ற அளவில், மதிப்பீட்டின் கீழ் எல்லைக்கு மேல் போகாதீர்கள். அதுவும் பதிவு எண் இருந்து, விரிசல் இல்லாமல், உங்கள் வீட்டில் அறையைச் சூடேற்றும் ரேடியேட்டரும் வெயிலும் படாத சுவர் இருந்தால் மட்டும். பதக்கங்களுக்கு, விளிம்பு சுத்தமாக இருந்தால் மேல் எல்லையையும் தாண்டிப் போகலாம், உங்கள் ஊர்ப் படை என்ற காரணம் போதும். அதே காரணத்தோடு இன்னொருவர் எதிரே இருந்தால் 120 சீக்கிரம் கடந்துவிடும், எழுதிய வரம்பில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கிடைத்தால் பிராசோ பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், கறுத்த வெள்ளி கறுத்தே இருக்கட்டும், ரிப்பனையும் மாற்ற வேண்டாம். ஊருக்குப் போகும்போது ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சுங்கத்தில் அறிவித்துக் கொண்டுபோங்கள். ரசீதில் விளிம்பில் உள்ள எழுத்து முழுவதும் வரும்படி ஏல நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். போவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு விஷயம் பேசி முடிவெடுங்கள்: இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டத்தில் நூறு வருஷம் கடந்த வரலாற்றுப் பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, இந்தப் பதக்கங்களுக்கு அந்த வயது ஆகிவிட்டது. பாளையங்கோட்டை வீட்டுக்குள் போனால் மறுபடி லண்டனுக்குக் கொண்டுவர வழி இருக்காது என்று நினைத்தே கொண்டுபோங்கள்.