ஏரிக்கரையும் குளத்தங்கரையும்

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் தக்கலைக்காரன். ஆறு வருடமாக நியூ ஜெர்சியில் வேலை. என் சித்தி மகன் சிகாகோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் ஊர்க்கதை பேசி முடித்ததும் எங்களுக்குள் சண்டை தொடங்கிவிடும். எந்த ஊர் டவுன்டவுன் அழகு, யாருடைய கட்டிடம் பெரிசு என்று. சிகாகோவின் வில்லிஸ் டவரை நியூயார்க்கின் புதிய உலக வர்த்தக மையம் முந்தியதே கள்ளக்கணக்கு, உச்சியில் ஊசியை நட்டு உயரம் காட்டினார்கள் என்கிறான் அவன். நீங்கள் இரண்டு ஊரையும் பார்த்தவர். உங்கள் தீர்ப்புக்கு விட்டுவிடுவது என்று ஒத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்று. போன மாதம் லீவில் வந்தேன். திருவனந்தபுரத்தில் இறங்கி, கழக்கூட்டத்தில் ஒரு நண்பனைப் பார்த்துவிட்டு ஊருக்கு வந்தேன். அங்கே உயர்ந்து நிற்கும் கட்டிடங்களைப் பார்த்த கண்ணோடு நாகர்கோவிலைப் பார்த்தபோது மனசு விட்டுப்போனது. மாநகராட்சி ஆன பிறகும் மணிக்கூண்டைத் தாண்டிக் காட்ட ஒன்றுமில்லை. நம்ம ஊருக்கு ஒரு ஸ்கைலைன், வானத்தை ஒட்டித் தெரியும் கட்டிட வரிசை, என்றைக்காவது வருமா?

எஸ்., தக்கலை

*

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் ஊசிக்கணக்கை முடித்துவிடுவோம். உங்கள் சித்தி மகன் சொல்வதில் நியாயம் உண்டு. வில்லிஸ் டவரின் கூரை 442 மீட்டர். உலக வர்த்தக மையத்தின் கூரை 417தான். உச்சிக் கம்பத்தையும் சேர்த்தால் 541. அந்தக் கம்பம் கட்டிடத்தின் அங்கமா, வெறும் ஆன்டெனாவா என்ற வழக்கை 2013இல் உயர்ந்த கட்டிடங்களுக்கான சர்வதேச அமைப்பு தீர்த்துவைத்தது. தலைமையகம் சிகாகோவிலேயே இருந்தும் அது நியூயார்க்கின் பக்கம் சொன்னது. இப்போது அந்த வழக்குக்கே வேலையில்லை. அதன்பின் நியூயார்க்கில் எழுந்த சென்ட்ரல் பார்க் டவரின் கூரையே 472 மீட்டர். உயரம் என்று பார்த்தால் உங்கள் கட்சி ஜெயித்துவிட்டது.

541 மீட்டர் என்பது அடியில் 1776. அமெரிக்கா விடுதலையை அறிவித்த ஆண்டு. நம்ம மாவட்டத்துக்காரனுக்கு இது புதிதில்லை. குமரி முனையில் நிற்கும் வள்ளுவர் 133 அடி, அதிகாரத்துக்கு ஓர் அடி. 38 அடிப் பீடம் அறத்துப்பால், அதன்மேல் 95 அடிச் சிலை பொருளும் இன்பமும்.

ஆனால் நீங்கள் கேட்டது அழகைப் பற்றி. அதற்கு, இந்தக் கட்டிடங்கள் எப்படி நிற்கின்றன என்பதிலிருந்து வரவேண்டும்.

சிகாகோவில் நான் அதிக நேரம் நின்றது வில்லிஸ் டவரின் முன்னால் அல்ல, மொனாட்நாக் என்ற பழைய செங்கல் கட்டிடத்தின் முன்னால். அதன் வடபாதி 1891இல் கட்டியது. 16 மாடி. வெளிப்புறத்தில் இரும்புச் சட்டகத்தை நம்பாமல் கனத்த சுவரே பாரத்தைச் சுமக்கிறது. அதனால் தரைத்தளத்தில் சுவரின் கனம் சுமார் ஆறு அடி. வாசலோரம் நின்று இரு கையையும் விரித்துப் பார்த்தேன், ஏறக்குறைய அந்த அளவு. தெருவைத் தொடும் இடத்தில் சுவர் மெல்ல அகன்று இறங்குகிறது, பனைமரத்தின் அடியைப்போல. இன்னும் பத்து மாடி ஏற்றியிருந்தால் கீழே அறைக்கே இடமிருந்திருக்காது.

அதற்கு ஆறு வருடம் முன்பே, 1885இல், அதே ஊரில் வில்லியம் லெ பேரன் ஜென்னி என்பவர் ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டிடத்தின் பாரத்தை உலோகச் சட்டகத்தின்மேல் ஏற்றியிருந்தார். நம்ம கொத்தனார்களுக்கு இது விளக்காமலே புரியும். தூண் நிறுத்தி வார்த்த வீட்டில் எந்தச் சுவரை இடித்தும் ஜன்னல் வைக்கலாம். பழைய வெட்டுக்கல் வீட்டில் சுவரைத் தொட்டால் 'கைய வைக்காதீங்க' என்று பதறுவார்கள். சுவர் சுமையிலிருந்து விடுபட்டு வெறும் போர்வையானதும் கட்டிடம் மேலே போகத் தொடங்கியது. 1871இல் நகரின் நடுப்பகுதி தீயில் எரிந்துபோய், எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டிய நிலை சிகாகோவுக்கு. அதுவும் பாறை கைக்கெட்டாத களிமண்மேல். அந்த நெருக்கடிதான் அங்கே இத்தனை பொறியாளர்களை உருவாக்கியது. மன்ஹாட்டனுக்கு அடியில் பல இடங்களில் பாறை பக்கத்திலேயே கிடக்கிறது.

நியூயார்க் தந்தது வேறு. கயிறு அறுந்தாலும் விழாத லிப்டை 1850களில் ஓட்டிஸ் என்பவர் காட்டியது அங்கேதான். கட்டிடங்களுக்கு ஒரு வடிவத்தைக் கொடுத்ததும் அந்த ஊர்தான். 1915இல் ஈக்விட்டபிள் கட்டிடம் நேர்க்குத்தாக 38 மாடி எழுந்து பக்கத்துத் தெருக்களின் வெயிலை மறைத்தது. அடுத்த வருடமே சட்டம் வந்தது: உயரப் போகிறாயா, உள்வாங்கிக்கொண்டே போ. படிப்படியாகச் சுருங்கி மேலேறும் அந்த நியூயார்க் வடிவம், கிரைஸ்லரும் எம்பயர் ஸ்டேட்டும் எடுத்த வடிவம், தெருவில் நடப்பவனுக்கு வானத்தைத் திருப்பிக்கொடுக்க வந்தது. எனக்கு இரண்டு ஊரிலும் சேர்த்துத் தனிக்கட்டிடமாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் கிரைஸ்லரைத்தான் சொல்வேன். அந்த எஃகு மகுடத்தில் சாயங்கால வெயில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

நம்ம சுசீந்திரம் கோபுரத்தைப் பாருங்கள். 134 அடி, வள்ளுவரைவிட ஓர் அடி கூடுதல். அதுவும் ஏழு நிலையாகச் சுருங்கித்தான் மேலேறுகிறது. அடியில் கருங்கல், மேலே செங்கலும் சுதையும். பாரத்தைக் குறைத்துக்கொண்டே போகும் கணக்கு. மொனாட்நாக்கின் சிக்கலும் அதுதான். அந்தச் சிக்கலுக்குக் கோபுரம் கண்ட வழியைத்தான், வேறு காரணத்துக்காக, 1916இல் நியூயார்க் எடுத்துக்கொண்டது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

வில்லிஸ் டவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதன் எலும்பை வடிவமைத்தவர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். அந்த உயரத்தில் பாரத்தைவிடக் காற்றுதான் எதிரி. ஆரல்வாய்மொழியில் ஆடிக்காற்றுக்கு எதிராக சைக்கிள் மிதித்தவனுக்கு அது தெரியும். அவர் ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டினார். ஓர் ஈர்க்கில் வளையும், கட்டிய வாரியல் வளையாது. பிறகு அவற்றை 50, 66, 90 மாடிகளில் ஒவ்வொரு கூட்டமாக நிறுத்திவிட்டு, இரண்டை மட்டும் உச்சிவரை விட்டார். தூரத்திலிருந்து அந்தக் கறுப்புப் படிகளைப் பார்க்கும்போது வேலை வெளியே தெரிகிறது. சிகாகோக் கட்டிடங்களில் எனக்குப் பிடித்த குணம் அது. எப்படி நிற்கிறேன் என்பதை மறைப்பதில்லை.

இனி தீர்ப்பு. என் ஓட்டு சிகாகோவுக்கு. அதற்குக் காரணம் அங்கே கட்டியவை அல்ல, கட்டாமல் விட்டது.

சிகாகோ ஏரிக்கரையில் ஒரு கோளரங்கம் நீருக்குள் நீண்ட நிலத்தின் முனையில் இருக்கிறது. அங்கே ஒரு சாயங்காலம் நின்றேன். முன்னால் நீர், அதற்கப்பால் பூங்காவின் பச்சை, அதன்மேல் மொத்த நகரமும் வரிசையாக. கழுத்தைத் தூக்கவேண்டியதில்லை. ஒரு பையன் அப்பாவின் தோளில் உட்கார்ந்து விரல் விட்டு மாடி எண்ணிக்கொண்டிருந்தான். டிக்கெட் இல்லை, காவலாளி இல்லை.

அந்தக் கரை தானாகக் கிடைத்ததில்லை. 1836இல் மனை பிரித்தபோது கால்வாய் ஆணையர்கள் வரைபடத்தில் ஒரு துண்டைக் காட்டி, இது பொதுநிலம், என்றைக்கும் எந்தக் கட்டிடமும் தடையும் இல்லாமல் திறந்தே கிடக்கவேண்டும் என்று எழுதிவைத்தார்கள். எழுதினால் போதுமா? பிறகு வந்தவர்கள் அங்கே கட்டப் பார்த்தார்கள். மான்ட்கோமரி வார்ட் என்ற வியாபாரி 1890இல் வழக்குப் போட்டு இருபது வருடம் விடாமல் நடத்தினார். அருங்காட்சியகம் வருவதைக்கூட எதிர்த்தார். ஊரே அவரைத் திட்டியது. 1911வரை இழுத்த வழக்கில் அவர் பக்கம் நின்றது அந்த வரைபடத்து வரிதான். அருங்காட்சியகம் தெற்கே தள்ளிப்போனது. இன்றைக்கு நாம் சிகாகோ ஸ்கைலைன் என்று போட்டோவில் பார்ப்பதெல்லாம் அந்தப் பழைய வரி போட்ட பிச்சை.

நியூயார்க்குக்கு ஆறு அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் முழு ஊரையும் பார்க்க புரூக்ளினுக்கோ உங்கள் ஜெர்சிக்கோ வரவேண்டும்.

இப்போது நாகர்கோவில். தம்பி, நம்ம ஊருக்கு ஸ்கைலைன் வருமா என்று கேட்டீர்கள். அது வந்து கோடிக்கணக்கான வருடமாகிறது. வடசேரியைத் தாண்டி புத்தேரிக் குளத்தங்கரையில் மழை ஓய்ந்த காலையில் நின்றதுண்டா? மலைவரிசை முழுதாகத் தெரியும், குளத்தில் தலைகீழாக இன்னொரு தடவை. பூதப்பாண்டிப் பக்கம் போனால் தாடகை மலை, மல்லாந்து படுத்த பெண்ணைப்போல. எங்கள் பாட்டி அதைப் பார்த்துத்தான் வானிலை சொல்வாள். 'தாடகை மூஞ்சிய மூடியாச்சு, நெல்ல வாரு' என்பாள். ஒரு மணி நேரத்தில் மழை வந்து நிற்கும்.

என் வீட்டு மட்டுப்பாவிலிருந்தும், அதாவது மொட்டை மாடியிலிருந்தும், தாடகை தெரிந்துகொண்டிருந்தாள். நாலு வருடம் முன்பு எதிர்மனையில் அடுக்குமாடி எழுந்தது. முதலில் மூக்கு போனது, அந்த வருடக் கடைசியில் மார்பும் போனது. இப்போது தண்ணீர்த் தொட்டிக்கும் செல்போன் கோபுரத்துக்கும் நடுவில் இரண்டு பாதம் மட்டும் தெரிகிறது. கட்டியவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மனை, அவர் பணம். என் வருத்தம் பொதுவில் கிடந்த நிலத்தைப் பற்றி. நான் சின்ன வயதில் குளித்த இரண்டு குளங்கள் மண்ணடித்துச் சாலையாகிவிட்டன. மலையையே உடைத்து ராத்திரி லாரிகளில் ஏற்றுகிறார்கள். ஒருத்தன் எதிரே நிற்கும் வெளியை மூடுகிறான், இன்னொருத்தன் பின்னால் நிற்கும் மலையை எடுக்கிறான். பிறகு இருபது மாடி கட்டி நிறுத்தினாலும் எங்கே நின்று பார்ப்பது?

உயரமான கட்டிடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொறியாளர் வந்து நம்ம காற்றுக்கும் மழைக்கும் ஏற்ற பத்து மாடி கட்டினால் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன். அப்படிக் கட்டுகிறவர் உங்கள் வீட்டுப் பக்கத்தில் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டு வரட்டும். சரிந்த ஓட்டுக்கூரையின் கீழ் அந்த மர அழியின் இடைவெளி வழியாக வெளிச்சமும் காற்றும் எப்படி உள்ளே வருகின்றன என்று பார்க்கட்டும். அங்கேயும் ஓர் உப்பரிகை மாளிகை இருக்கிறது, நாலு நிலை. மேல்நிலை பத்மநாபசுவாமிக்கு. மன்னரின் படுக்கை அதற்குக் கீழே. திருவனந்தபுரத்தின் உயரத்தைப் பார்த்து மனசு விட்டுப்போனவருக்கு இதையும் சொல்லவேண்டும்: 18ஆம் நூற்றாண்டின் கடைசிவரை திருவிதாங்கூரின் தலைநகர் உங்கள் தக்கலைப் பக்கத்தில் இருந்த அந்தத் தாழ்ந்த கூரைகள்தான்.

நம்ம மாநகராட்சிக்கு நான் எழுதிக் கேட்க நினைப்பது ஒரே ஒரு வரி. புத்தேரிக் கரை, சுசீந்திரம் குளத்தங்கரை, இன்னும் இப்படி நாலைந்து இடம். இவற்றின் முன்னால் என்றைக்கும் எதுவும் எழும்பாது என்று வரைபடத்தில் எழுதிவைக்கட்டும். சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் ஏறியதால் அங்கே நீருக்கு ஒரு காவல் கிடைத்திருக்கிறது. நீருக்கு மேலே தெரியும் காட்சிக்கு இன்னும் இல்லை. மனுவை எழுதத் தொடங்கியிருக்கிறேன். அந்த 1836ஆம் வருட வரியைத் தமிழில் முதல் பத்தியாகச் சேர்த்திருக்கிறேன்.

அடுத்த லீவில் சித்தி மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். காலை ஆறு மணிக்கு சுசீந்திரம் குளத்தங்கரையில் நிற்போம். தாமரைக்கு நடுவே நாரைகள் இறங்கும் நேரம். கோபுரத்தின் கலசத்தில் முதலில் வெயில் விழும், பிறகு ஒவ்வொரு நிலையாகக் கீழே வரும். மனுவில் உங்கள் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்