அன்னாசிக்கு ஒரு கட்டர், மாம்பழத்துக்கு ஒரு கட்டரா? வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்வில பாதி பழம் நறுக்கற சாமான் பத்திதான், அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளிட்டு இதையே எடுத்துக்கறேன்.

மேடம், அன்னாசிப்பழத்துக்குள்ள விட்டு திருகினா சுருள் சுருளா வெளில வருமே அந்த கட்டர், அதை வாங்கலாமா? பாதி பழம் தோல்லயே போயிடும்னு என் நாத்தனார் சொல்றாங்க.

உங்க நாத்தனார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா அது கட்டரோட குத்தம் இல்ல, அளவோட குத்தம். அந்த மாதிரி கட்டர் பெரும்பாலானதுல பிளேடோட அகலம் மாத்த முடியாது, ஒரே அளவுதான். பழம் பெருசா இருந்தா தோலை ஒட்டி நல்ல சதை ஒரு வளையம் மாதிரி நின்னுடும், அதை ஸ்பூனால சுரண்டி ஜூஸுக்கு போட்டுக்கலாம். பழம் சின்னதா இருந்தா பிளேடு தோலையும் சேத்து வெட்டி அந்த கண்ணெல்லாம் ஒட்டிக்கிட்டு வரும், அப்புறம் ஒவ்வொண்ணா கத்தியால நோண்டணும், அதுக்கு கட்டர் எதுக்கு? அதனால வாங்கறதுக்கு முன்னாடி நீங்க வழக்கமா வாங்கற பழத்தை குறுக்கால வெட்டி ஒரு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க, ரெண்டு பக்கமும் தோலுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு கொஞ்சம் மேல கழிச்சுட்டு மிச்சம் வர்ற அளவுக்கு பிளேடு இருக்கான்னு பாத்து வாங்குங்க. அட்டைப்பெட்டி மேல இருக்கற போட்டோவை நம்பாதீங்க, அதுல பழம் எப்பவுமே கட்டருக்குன்னு அளவெடுத்து செஞ்ச மாதிரிதான் இருக்கும்.

யூஸ் பண்ற விதம்: கொண்டையை மட்டும் வெட்டிட்டு பழத்தை நிமித்தி வைங்க, அடிப்பக்கம் வெட்டாதீங்க. மேல பாத்தா நடுவுல வெளிறின ஒரு வட்டம் தெரியும், அதான் நடுத்தண்டு, கட்டரோட குழாய் சரியா அது மேல உக்காரணும், கொஞ்சம் தள்ளிப்போனாலும் சுளை ஒரு பக்கம் தடியா ஒரு பக்கம் மெலிசா வரும். லேசா அழுத்திக்கிட்டே கடிகாரம் சுத்தற பக்கமா திருகுங்க, அழுத்தம் ஜாஸ்தி வேண்டாம், பிளேடு தானா இறங்கும். அடில ஒரு விரக்கடை இருக்கும்போதே நிறுத்திடணும், ஓட்டை போட்டுட்டீங்கன்னா உள்ள சேந்த சாறு மொத்தமும் மேடை மேல ஓடிடும். இழுக்கும்போது வரமாட்டேன்னு அடம் புடிக்கும், உள்ள காத்து போகாததாலதான் அப்படி, கட்டரை லேசா ஒரு பக்கம் சாய்ச்சு இழுத்தா ‘ப்ளக்’னு சத்தத்தோட வந்துடும். தண்டு பெரும்பாலும் ஓட்டுக்குள்ளயே நிக்கும், சாறை மறக்காம ஒரு டம்ளர்ல வடிச்சுக்கோங்க.

ஒண்ணு மட்டும், காயா இருக்கற பழத்துல இதை வச்சு மல்லுக்கட்டாதீங்க. அன்னாசி பறிச்சதுக்கு அப்புறம் வச்சிருந்தா சாஃப்ட் ஆகும், நிறம் மாறும், ஆனா இனிப்பு அதிகமாகாது. வாங்கும்போதே அடிப்பக்கம் மோந்து பாத்து வாசனை வந்தா எடுங்க.

அன்னாசி சாப்பிட்டா நாக்கு கடிக்குதே, கட்டர்ல வெட்டினா குறையுமா? அப்புறம் ஜெல்லி பண்ணா உறையவே மாட்டேங்குது.

ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதான். அன்னாசில புரோமலைன்னு ஒரு என்சைம் இருக்கு, அது புரதத்தை உடைக்கும், நாக்கு மேலயும் அதைத்தான் பண்ணுது, கூடவே பழத்தோட புளிப்பும் சேந்துக்கும். நடுத்தண்டுல அது நிறைய உண்டு, அதனால தண்டை எடுத்துட்டு சாப்பிட்டா கொஞ்சம் பரவால்ல, மத்தபடி கட்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஜெல்லியை உறைய வைக்கற ஜெலட்டினும் புரதம்தான், பச்சை அன்னாசியை போட்டா அது உறையறதுக்கு முன்னாடியே உடைச்சுடும், கிவி, பப்பாளி போட்டாலும் இதே கதைதான். துண்டுகளை நல்லா கொதிக்க விட்டு ஆறவச்சு போடுங்க, சூட்டுல என்சைம் செத்துடும். இல்லன்னா கடல்பாசில பண்ணுங்க, அது புரதமே இல்ல, தாராளமா உறையும்.

மாம்பழத்தை மேல வச்சு ஒரே அமுக்கா அமுக்கினா கொட்டை தனியா வருமாம், என் வீட்டுக்காரர் வாங்கிட்டு வந்திருக்கார். எனக்கு பாதிலயே சிக்கிக்குது.

கொட்டை உருண்டை இல்ல, தட்டை. பழத்தையும் உத்துப் பாத்தா ஒரு பக்கம் அகலமாவும் இன்னொரு பக்கம் ஒடுக்கமாவும் இருக்கும், கொட்டையோட அகலம் பழத்தோட அகலமான பக்கத்துலதான் இருக்கும். கட்டர் நடுவுல இருக்கற நீளவட்ட ஓட்டையோட நீளமான பக்கம் அதோட ஒத்துப்போகணும், குறுக்கால வச்சீங்கன்னா நேரா கொட்டை மேலதான் உக்காரும். அடில ஒரு சின்ன வில்லை சீவி பழத்தை ஆடாம நிறுத்திட்டு காம்பு மேல வர்ற மாதிரி வச்சு அமுக்குங்க. அப்படியும் பாதில நின்னா அந்த ரகத்துக்கு கொட்டை தடி, அவ்வளவுதான், மேல ஏறி நின்னு அமுக்கறதெல்லாம் வேண்டாம், பிளேடு வழுக்கி கையில படும். நாரு ஜாஸ்தி இருக்கற பழமோ ரொம்ப கனிஞ்ச பழமோ இருந்தா வெட்டாது, நசுக்கும்.

என்னைக் கேட்டா மாம்பழத்துக்கு கட்டர் தண்டம். ரெண்டு கன்னத்தையும் கொட்டையை ஒட்டி சீவி, தோல் அறுபடாம குறுக்கும் நெடுக்கும் கீறி பின்பக்கமா தள்ளினா துண்டு துண்டா நிக்கும். காம்பு பக்கம் வர்ற பாலை மட்டும் முதல்ல கழுவிடுங்க, மாமரம் முந்திரி குடும்பத்தை சேந்தது, அந்த பால் பட்டா சிலருக்கு வாயை சுத்தி அரிப்பும் கொப்புளமும் வரும்.

மாதுளை முத்து உதிர்க்க மூடி போட்ட டப்பா ஒண்ணு விக்கறாங்களே?

வேண்டாம். தோலை மட்டும் வரிவரியா கீறி, ஒரு பெரிய பாத்திரத்து தண்ணிக்குள்ள வச்சு உடைச்சு விரலால உதிருங்க. முத்து அடில போய் உக்காரும், வெள்ளை சவ்வு மேல மிதக்கும், அப்படியே அள்ளி எறிஞ்சுடலாம். சட்டைல கறையும் படாது.

அக்கா, அவகேடோ கொட்டையை கத்தி முனையால குத்தி எடுக்கறதை வீடியோல பாத்து என் பையனும் செய்யறான், பாக்கவே பயமா இருக்கு.

பயப்பட வேண்டியதுதான், உடனே நிறுத்தச் சொல்லுங்க. இப்படி கையை வெட்டிக்கிட்டு வர்றவங்க அதிகமாகி, அந்த காயத்துக்கு ‘அவகேடோ கை’ன்னே டாக்டர்கள் பேரு வச்சிருக்காங்க. கொட்டை வழுவழுன்னு இருக்கும், கத்தி வழுக்கினா நேரா உள்ளங்கைதான், அங்க நரம்பு, தசைநாண் எல்லாம் இருக்கு. இதுக்குன்னு வர்ற பிளாஸ்டிக் கட்டர் உண்மையிலயே உருப்படியான சாமான், நடுவுல பல்லு பல்லா இருக்கறதை கொட்டை மேல வச்சு அழுத்தி திருகினா கழண்டு வந்துடும், சின்ன பசங்க கையிலயும் குடுக்கலாம். அது இல்லன்னா பழத்தை மேடை மேல வச்சு நாலா பிளந்துடுங்க, கொட்டை விரலாலயே வந்துடும்.

அவன் வெட்டின மிச்சத்துல கொட்டையை வச்சா கறுக்காதுன்னு சொல்லுவான், நம்பாதீங்க. கொட்டைக்கு அடில இருக்கற இடத்துக்கு காத்து படாது, அது மட்டும்தான் கறுக்காம இருக்கும். எலுமிச்சை சாறு தடவி, பிளாஸ்டிக் ஷீட்டை சதை மேலயே ஒட்டற மாதிரி மூடி ஃபிரிட்ஜ்ல வைங்க.

செர்ரி கொட்டை எடுக்கற சாமான்ல சாறு முகத்துலயே அடிக்குது.

கையையும் சாமானையும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள்ள விட்டு அமுக்குங்க. முக்கியமானது என்னன்னா போட்ட பழத்தையும் விழுந்த கொட்டையையும் எண்ணிக்கோங்க, அந்த சாமான் நடுநடுவுல ஒண்ணை விட்டுடும், அது கேக்குக்குள்ள போய் யாரோ ஒருத்தர் பல்லை பதம் பாக்கும். கொட்டையோட மிக்ஸில போடவே கூடாது, அரைபட்டா உள்ள இருக்கற பருப்புலேந்து சயனைடு உண்டாகும்.

சீத்தாப்பழத்துக்கு ஏதாவது மெஷின் இருக்கா? விதையை துப்பித் துப்பியே ஆசை போயிடுது.

மெஷின் தேவையில்ல, பெரிய கண்ணு வச்ச சல்லடை போதும். சதையை அதுல போட்டு ஸ்பூனோட பின்பக்கத்தால தேச்சா கூழ் கீழ இறங்கும், விதை மேல நிக்கும். விதையோட மிக்ஸில ஒரு சுத்து விடலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அந்த விதை விஷம், தூள் கண்ணுல பட்டா பெரிய அவஸ்தை.

இடம் இல்லாத சின்ன கிச்சன், ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா எதை வாங்கறது?

பழத்தை உருண்டை உருண்டையா எடுக்கற குட்டி கரண்டி இருக்குல்ல, அது. தர்பூசணிக்குன்னு நினைச்சு யாரும் வாங்கறதில்ல, ஆனா ஆப்பிள், பேரிக்காயை ரெண்டா வெட்டி நடுவுல ஒரு திருகு திருகினா விதைப்பகுதி மட்டும் கிண்ணம் மாதிரி வந்துடும், பப்பாளி விதை வழிக்கலாம், கிவியை தோல்லேந்து எடுக்கலாம். ஓரம் கூரா இருக்கான்னு மட்டும் பாத்து ஸ்டீல்ல வாங்குங்க. புளிப்பு பழம் வெட்டின எந்த சாமானா இருந்தாலும் அப்பவே கழுவி துடைச்சுடுங்க.

பலாப்பழத்துக்கு?

கத்திக்கும் கைக்கும் எண்ணெய். அந்த பால் தண்ணில கரையாது, எண்ணெய்லதான் விடும், அதனால முன்னாடியும் தடவுங்க, பின்னாடி கை கழுவும்போதும் முதல்ல எண்ணெய், அப்புறம் சோப்பு.