பனிக்காலத்தில் மல்லி பூக்கவில்லையா? டானிக் வாங்காதீர்கள்

கேள்வி: மொட்டை மாடியில் மூன்று தொட்டிகளில் குண்டுமல்லி இருக்கிறது. சித்திரையில் வாங்கியபோது கொத்துக் கொத்தாகப் பூத்தது. ஐப்பசியிலிருந்து வெறும் இலைதான். நர்சரிக்காரர் 450 ரூபாய்க்குப் ‘பூ டானிக்’ வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா? வருடம் முழுக்கப் பூ கிடைக்க வழி உண்டா?

பதில்: வாங்காதீர்கள். செடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குண்டுமல்லி மாசி, பங்குனியில் ஆரம்பித்துக் கோடையில் கொட்டித் தீர்க்கும். பனி இறங்கினால் அடங்கிவிடும். தை மாதம் மதுரை மாட்டுத்தாவணியில் மல்லி கிலோ ஆயிரக்கணக்கில் விலை போவதே வரத்து இல்லாததால்தான். பாட்டில் மருந்தில் பூ வருமென்றால் அந்த விவசாயிகள் சும்மா இருப்பார்களா?

செய்ய வேண்டியது கவாத்து. நவம்பர் கடைசி வாரம், மண்ணிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே இருப்பதை வெட்டிவிடுங்கள். காய்ந்த குச்சிகளை எடுத்து, மிச்ச இலைகளையும் உருவிவிடுங்கள். மனசு வராதுதான், ஆனாலும் வெட்டுங்கள். மல்லி புதுத் துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். அடைமழையாக இருந்தால் மழை விட்டபின் வெட்டலாம். அப்புறம் இரண்டு கை தொழுஉரம், ஒரு கை வேப்பம் புண்ணாக்கு, தினமும் ஆறு மணி நேர வெயில். யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் தழைக்கும்.

வருடம் முழுக்கப் பூ வேண்டுமென்றால் ஒரே செடியை நம்பக் கூடாது. கோடைக்கு மல்லி, மார்கழிக்கு டிசம்பர் பூ, எப்போதும் கைகொடுக்கச் செம்பருத்தி, நந்தியாவட்டை, கனகாம்பரம்.

சாமந்தி விஷயத்தில் மட்டும் கவனம். அது இரவின் நீளத்தைப் பார்த்து மொட்டு வைக்கும் செடி. இரவு நீள வேண்டும், இருட்டும் கலையக் கூடாது. தெரு விளக்கு விழும் கைப்பிடிச் சுவரோரம் வைத்த தொட்டி இலையாகவே நிற்கும். அதே நாளில் நட்டு, தண்ணீர் டாங்க்கின் மறைவில் இருட்டில் வைத்தது மொட்டு வைத்துவிடும். பகலில் வெயிலில் வைத்து, ராத்திரி மாடி விளக்கை அணைத்துவிடுங்கள். ஓசூர்ப் பக்கம் பாலித்தீன் கூரை போட்ட பாலிஹவுஸில் இரவில் பல்பு எரியவிட்டுப் பூப்பதைத் தள்ளிப்போடுவதும் இதனால்தான். சாமந்தி பூக்கவில்லை என்று உரத்துக்குச் செலவழிக்கும் பலர் விளக்கை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை.

புதுச் செடி வாங்கும்போது ‘பன்னிரண்டு மாதமும் பூக்கும் மல்லி’ என்ற சீட்டை நம்பாதீர்கள். சீட்டில் எதை எழுதினாலும் கேட்பாரில்லை. அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் நல்ல கன்று மலிவாகவே கிடைக்கும். ஆனால் எந்தப் பண்ணையில் இன்று என்ன கன்று இருக்கிறது என்று வீட்டுத் தோட்டக்காரர் பலருக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் டானிக் வியாபாரம் நடக்கிறது.

ஆந்திராவிலிருந்து லாரியில் வரும் செடிகள் பல, இறுகிய களிமண் உருண்டையோடு இருக்கும். தொட்டியில் வைக்குமுன் அதைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாதியாவது கரைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேர் வெளியே ஓடாமல் உருண்டைக்குள்ளேயே சுற்றிக் கிடக்கும்.