இணைத்த பார்க்ஹோம் கூரை: மூன்று முறை பூசியும் ஏன் ஒழுகுகிறது?

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோவில் வளாகத்தில் தமிழ் வகுப்பு நடத்த, பழைய பார்க்ஹோம் பெட்டிகள் (தூக்கி வைக்கும் ஆயத்த அறைகள்) இரண்டை வாங்கி, ஒட்டி வைத்து ஒரே அறையாக்கினோம். ஒவ்வொன்றும் 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். இரண்டும் சேரும் இடத்தில் மழைக்கு ஒழுகுகிறது. மூன்று முறை ஆள் வைத்து சிலிக்கான் பூசியாயிற்று. இப்போது வந்தவர் டார்ச்-ஆன் என்ற தார்ச் சுருள் போட்டு 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறேன், பாதிப் பணம் முன்கூட்டியே வேண்டும் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், அம்மா. உங்கள் கூரைக்கு டார்ச்-ஆன் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது அந்த இணைப்பின்மேல் கவிழ்த்து வைக்கும் மடித்த தகடு ஒன்று. அதை ஃபிளாஷிங் என்பார்கள், கேப்பிங் என்றும் சொல்வார்கள். தகடு மடிக்கும் பட்டறையில் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள்.

சிலிக்கான் ஏன் நிற்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான்காவதாக வருபவரும் அதையே வேறு பெயரில் உங்களிடம் விற்பார். உள்ளே நின்று பார்த்தால் உங்கள் அறை ஒன்றுதான். கூரையில் அது இன்னமும் இரண்டு கட்டடம். ஒவ்வொரு பெட்டியும் தனித்தனிக் கட்டைகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. மழையில் மண் இளகினால் ஒன்று கொஞ்சம் இறங்கும், மற்றது இறங்காது. வெயிலுக்கு விரிவதும் அப்படியே. இரும்புத் தகடு 50 டிகிரி சூடேறினால் மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டர் நீளும். டர்பன் கோடையில் விடியற்காலைக் கூரைக்கும் நடுப்பகல் கூரைக்கும் கிட்டத்தட்ட அந்த வித்தியாசம் வந்துவிடும். 3 மீட்டர் அகலத்துக்கு அது 1.8 மில்லிமீட்டர், 12 மீட்டர் நீளத்துக்கு 7 மில்லிமீட்டருக்கு மேல். பொதுவாகக் கிடைக்கும் நல்ல சிலிக்கான் தன் அகலத்தில் கால் பங்குதான் இழுபடும். இடைவெளி 5 மில்லிமீட்டர் என்றால் 1.25 மில்லிமீட்டர், அவ்வளவுதான். மண் இறங்குவதைச் சேர்க்காமலே கணக்கு இடிக்கிறது.

போதாததற்கு, கடையில் மலிவாகக் கிடைப்பது வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான். அது காயும்போது விடும் அமிலம் தகட்டின் துத்தநாகப் பூச்சைத் தின்னும். அப்புறம், காய்ந்த சிலிக்கானின்மேல் புது சிலிக்கான் சரியாகப் பிடிக்காது, பெயின்ட் பிடிக்கவே பிடிக்காது. உங்களிடம் வந்த இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் பழையதைச் சுரண்டி எடுத்தார்களா? பெரும்பாலும் எடுத்திருக்க மாட்டார்கள். மேலேயே இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள்.

ஓட்டு வீட்டின் உச்சியில் இருக்கும் முகட்டு ஓடு என்ன செய்கிறதோ, அதைத்தான் இந்த கேப்பிங்கும் செய்ய வேண்டும். இரண்டு பக்கத்தையும் மூடி நிற்கும், ஆனால் இரண்டையும் ஒன்றோடொன்று கட்டாது. இணைப்பின் இரு ஓரத்திலும் எல் வடிவத் தகடு ஒன்றை நிமிர்த்தி வைத்து, அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை) ஒட்டி, ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூ போட்டு அந்தந்தக் கூரையோடு முடுக்கச் சொல்லுங்கள். வாஷர் பிதுங்கி வெளியே வரும் அளவுக்கு முடுக்கக் கூடாது. அந்த இரண்டு நிமிர்ந்த ஓரங்களின்மேல் கேப்பிங்கைக் கவிழ்த்து, ஒரு பக்கம் மட்டும் ஸ்க்ரூ போட வேண்டும். மறுபக்கம் நகர இடம் இருக்கட்டும். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் 150 மில்லிமீட்டர் ஏறி உட்கார வேண்டும். கூரை ஐபிஆர் என்ற புடைப்புகள் உள்ள தகடாக இருந்து, அதன் புடைப்புகள் இணைப்புக்குக் குறுக்கே ஓடினால், பள்ளங்களில் அதே வடிவ ஃபோம் அடைப்பான் வைக்காமல் விடக் கூடாது. காற்றோடு வரும் மழை அந்த வழியாகத்தான் உள்ளே நுழையும். புடைப்புகள் இணைப்போடு சேர்ந்து ஓடினால் வேலை சுலபம். இந்தப் பக்கக் கடைசிப் புடைப்பிலிருந்து அந்தப் பக்கக் கடைசிப் புடைப்பு வரை மூடும் தகடு போதும். சிலிக்கான் எங்காவது தேவைப்பட்டால் வினிகர் வாசனை இல்லாத நியூட்ரல் வகையைக் கேளுங்கள்.

ஒரு விலக்கு உண்டு. அதை விட்டுவிட்டால் நான் சொன்ன எல்லாம் வீண். மழை பெய்யும்போது வெளியே நின்று பாருங்கள். நீர் வெளிப்புற நீள ஓரங்கள் இரண்டிலிருந்தும் விழுகிறதா? விழுந்தால் இணைப்பு மேட்டில் இருக்கிறது, கேப்பிங் வேலை செய்யும். வெளி ஓரம் காய்ந்தே கிடந்தால், இரண்டு கூரையும் உள்நோக்கிச் சாய்கிறது என்று அர்த்தம். பழைய பெட்டிகளை வேறு வேறு இடத்திலிருந்து வாங்கி, சாய்வு பார்க்காமல் இறக்கி வைத்தால் இப்படி ஆகிவிடும். அப்போது உங்கள் இணைப்பு ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு மூடி போட்டு என்ன பயன்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கூரையும் சேர்த்து 72 சதுர மீட்டர். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளில் உங்கள் கூரையில் மட்டும் 21,600 லிட்டர் இறங்கும். அத்தனையும் அந்த ஒரு கோட்டுக்கு வரும். எந்தப் பசையும் அதைத் தாங்காது. இந்த நிலை என்றால் வழி மூன்று. கிரேன் வைத்து இரண்டு பெட்டிகளையும் திருப்பி வைக்கலாம். கூரை ஓரங்களை வெட்டி, கால் பாதம் நுழையும் அகலத்தில் தகட்டு வாய்க்கால் போடலாம். அது நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் சாய வேண்டும், முனைகள் திறந்திருக்க வேண்டும், அடைத்துக்கொண்டாலும் நீர் வெளியேதான் வழிய வேண்டும். மூன்றாவது, இரண்டுக்கும் மேலே சட்டம் கட்டி ஒரே சாய்ப்புக் கூரை போடுவது. செலவு அதிகம், காற்றுக்கு நிற்குமா என்று பார்த்து எஞ்சினியர் கையெழுத்துப் போட வேண்டும், நகராட்சி வரைபட அனுமதியும் கேட்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு வெக்கையும் குறையும். கமிட்டியில் பணம் இருந்தால் நான் மூன்றாவதையே சொல்வேன்.

சரி, அந்த 10 ஆண்டு உத்தரவாதக்காரருக்கு வருவோம். டார்ச்-ஆன் என்பது தார்ச் சுருளை எரிவாயு நெருப்பில் உருக்கி ஒட்டுவது. கான்கிரீட் தளத்துக்கு நல்ல பொருள். பார்க்ஹோம் சுவருக்கும் கூரைக்கும் உள்ளே பல நேரம் பாலிஸ்டைரீன்தான் (தெர்மாகோல்) அடைத்திருக்கும். அது சூட்டில் உருகி, நெருப்பில் பற்றி எரியும். பிள்ளைகள் படிக்கும் இடத்தில், உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்துகூடப் பார்க்காமல், எரியும் டார்ச்சோடு கூரைமேல் ஏறுகிறேன் என்பவரை நான் வாசலிலேயே நிறுத்துவேன்.

அவர் நீட்டும் காகிதத்தையும் படியுங்கள். பொருள் தயாரித்தவர் தரும் உத்தரவாதம் பொருளுக்கு. வேலை கெட்டுப் போனால் அது செல்லாது. தயாரிப்பாளரை நீங்களே தொலைபேசியில் அழைத்து, இவர் உங்கள் அங்கீகாரம் பெற்ற ஆளா என்று கேளுங்கள். அந்த ஒரு அழைப்புக்குப் பிறகு பாதிப் பேர் திரும்பி வர மாட்டார்கள். பக்கி என்ற சிறு சரக்கு வண்டியில் வந்து அளவெடுப்பவர் ஒருவர், கமிஷன் வாங்குபவர் இன்னொருவர், கூரையில் ஏறுபவர் மூன்றாமவர் என்றால், ஒழுகும் நாளில் யாரைக் கூப்பிடுவீர்கள்? என்எச்பிஆர்சி என்ற வீடு கட்டுவோர் பதிவு அமைப்பின் எண்ணைக் காட்டி மயக்குவதும் நடக்கிறது. 1998-ஆம் ஆண்டுத் தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அந்த அமைப்பின் ஓராண்டுக் கூரைக் கசிவுப் பொறுப்பு புது வீடுகளுக்கு உரியது. உங்கள் வகுப்பறைக்கு அது உதவாது. உங்களுக்கு உதவுவது 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 54-ஆவது பிரிவு. வேலை தரமில்லை என்றால் சரி செய்து தரச் சொல்லவோ, விலையில் நியாயமான பங்கைத் திருப்பிக் கேட்கவோ அது உரிமை தருகிறது. பழைய மூன்று பேரின் ரசீது இருந்தால் தேடி எடுங்கள்.

எனக்குப் பொறுமை போவது இன்னோர் இடத்தில். பொதுப் பணத்தில் நடக்கும் வேலைகளில், விலைப்பட்டியல் எழுதுகிறவர் மேசையில் உட்கார்ந்து, இணைப்பில் மீட்டருக்கு இவ்வளவு சிலிக்கான் என்று எழுதிவிடுகிறார். டெண்டர் எடுத்தவர் எழுதியதைப் பூசிவிட்டுப் பணம் வாங்குகிறார். கண்காணிக்க வந்தவர் பூசியிருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுகிறார். ஒழுகுகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அடுத்த மழைக்கு அடுத்த டெண்டர். பொதுப் பணத்தில் இந்தச் சுற்று எத்தனை காலம் வேண்டுமானாலும் ஓடும். உங்கள் வகுப்பு நன்கொடையில் நடக்கிறது, அதற்குத் தாங்காது. ஆகவே விலை கேட்கும்போது சிலிக்கான் என்ற சொல்லையே எழுதாதீர்கள். 'ஒரு பக்கம் மட்டும் முடுக்கிய கேப்பிங், தண்ணீர் விட்டுச் சோதித்த பிறகு பணம்' என்று எழுதிக் கேளுங்கள்.

சோதனை எளிது. தோட்டக் குழாயைக் கூரையின் தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி, ஓரிடத்தில் பத்து நிமிடம் விட்டு, மெல்ல மேலே வர வேண்டும். உள்ளே ஒருவர் டார்ச் விளக்கோடு நிற்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் எங்கே நுழைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வேலைக்கு நல்ல காலம் டர்பனில் மழை குறைந்த ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கூரை காய்ந்திருக்கும், டேப் நன்றாகப் பிடிக்கும்.

அதுவரை, அந்த இணைப்புக் கோட்டில் விளக்கு இருந்தால் மின்பலகையில் அந்த விளக்குக்கான சுவிட்சை அணைத்து வைத்துவிடுங்கள். ஊறிய சீலிங் போர்டு தொய்ந்திருந்தால் அதன் அடியில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.